என் கையால்தான் அந்தக் காய்ச்சல் வந்ததா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு மாதமாகச் செவிலியராக இருக்கிறேன். ஜூலை மழையின்போது தாராவியிலிருந்து ஒரு தமிழர், தோல் பட்டறைத் தொழிலாளி, எலிக்காய்ச்சலோடு வந்தார். நள்ளிரவில் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டதால், அவசரப் பிரிவிலேயே தொடை இடுக்கில் சென்ட்ரல் லைன் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். ஐந்தாம் நாள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் நின்றது. ஆனாலும் லைன் இருந்தது. ஒன்பதாம் நாள், என் டியூட்டியில், ஆன்டிபயாடிக் போட்டு, சலைனால் குழாயை அலசி ஃபிளஷ் செய்த சிறிது நேரத்தில் அவருக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. உடனே டாக்டரை அழைத்தேன். ரத்தப் பரிசோதனையில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. லைன்தான் காரணம் என்றார்கள். அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர் பிழைத்து வார்டுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் மனைவி, வந்த முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம் ஊர்ப் பெண் நீ இருக்கிறாய், அது போதும்” என்று சொன்னவர். இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கையால்தான் வந்ததா அக்கா? வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றல் கேட்கட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத செவிலியர், மும்பை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யார் கையால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது நாளென்றால் 27 ஷிப்ட். அவசரப் பிரிவின் டாக்டர், உங்கள் பிரிவின் டாக்டர்கள், ரத்தம் எடுக்க வந்தவர், படுக்கை மாற்றிய மாவ்ஷி (உதவிப் பணிப்பெண்), உங்களைப் போன்ற எத்தனையோ செவிலியர் என்று எல்லோரும் அந்தக் குழாயின் பக்கத்தில் கை வைத்திருக்கிறார்கள். கடைசியாகத் தொட்டவர் நீங்கள். நடுக்கம் உங்கள் கண்ணெதிரே வந்தது. அதனால் கூட்டத்தில் எல்லோருடைய பார்வையும் உங்கள் மேல் விழுந்தது. அந்தப் பார்வை நியாயமற்றது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

செவிலியர் அல்லாத வாசகர்களுக்காக இரண்டு வரி. கையில் போடும் சாதாரண ஊசிக்குழாய் சிறிய சிரையோடு நின்றுவிடும். சென்ட்ரல் லைன் கழுத்து, காறை எலும்பின் அடி, தொடை இடுக்கு ஆகிய மூன்று இடங்களில் ஒன்றில் நுழைந்து, உடலின் பெரிய சிரைக்குள் போய் உட்காரும் நீண்ட குழாய். கைச் சிரையை எரித்துவிடக்கூடிய வீரியமான மருந்துகளை அதன் வழியாகத்தான் கொடுக்க முடியும். உயிரைக் காக்கும் கருவி அது. வெளி உலகத்திலிருந்து ரத்த ஓட்டத்துக்குப் போகும் நேர் வழியும் அதுவேதான்.

அந்த வழியில் கிருமி நுழைய இரண்டு வாசல்கள் முக்கியம். ஒன்று, தோலில் குழாய் நுழையும் துளை. அங்கே இருக்கும் கிருமி குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். மற்றொன்று ஹப், அதாவது நாம் ஊசியையும், சொட்டு மருந்து வரும் குழாயான செட்டையும் மாட்டும் வாய். அங்கிருந்து குழாயின் உட்புறமாக நேரே ரத்தத்துக்குப் போகும். பொதுவாக முதல் வாரத்தில் தோல் வாசலும், நாள் ஆக ஆக ஹப்பும் ஆபத்தாகின்றன. உங்கள் நோயாளியின் குழாய் இரண்டு கட்டத்தையும் தாண்டியிருக்கிறது. அதுவும் தொடை இடுக்கில், டயபருக்கு இரண்டு விரற்கடை தூரத்தில். க்ளெப்சியெல்லா குடலில் வாழும் கிருமி. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஊகிப்பது அவ்வளவு கடினமில்லை.

தொடையில் போட்டது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். தவறில்லை. எலிக்காய்ச்சல் முற்றும்போது ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடும். அந்த நிலையில் காறை எலும்பின் அடியில் ஊசி தமனியில் பட்டுவிட்டால் அழுத்திப் பிடிக்கக்கூட இடம் கிடையாது. தொடையை அழுத்தலாம். நள்ளிரவில், ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போது அந்த டாக்டர் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவசரத்தில், முழு அங்கி, முழு விரிப்பு இல்லாமல் போட்ட குழாயை முடிந்தவரை சீக்கிரம், 48 மணி நேரத்துக்குள், எடுத்துவிட்டு வேறிடத்தில் முறையாகப் போட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. பெரியவர்களுக்குத் தொடை இடுக்கைத் தவிர்க்கவும் அதே நெறிமுறை சொல்கிறது. அவசரப் பிரிவிலிருந்து உங்கள் பிரிவுக்கு அவர் வந்தபோது, ‘இந்த லைன் எப்படிப் போடப்பட்டது?’ என்று கைமாற்றிக் கொடுத்தவரிடம் யாராவது கேட்டார்களா? குறிப்பில் எழுதினார்களா? உங்கள் கூட்டம் அங்கேயிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, ஐந்தாம் நாள். உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றுவிட்ட இடம் அதுதான். நார்அட்ரினலின் நின்றது, ‘ஆனாலும் லைன் இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் இருந்தது? நான் பல பிரிவுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ரத்தம் எடுக்க வசதி, கையில் சிரை கிடைக்கவில்லை, மீண்டும் தேவைப்பட்டால் என்ற பயம். மூன்றும் மனிதர்களுக்கு வரும் காரணங்கள்தான். ஆனால் ஒரு குழாயை உள்ளே வைத்திருக்க இவை போதாது. கையில் சிரை கிடைக்காவிட்டால் அல்ட்ராசவுண்டு வைத்துத் தேடலாம். மீண்டும் தேவைப்பட்டால் மீண்டும் போடலாம். தேவையில்லாத குழாய்க்கு எவ்வளவு சுத்தமாகக் கட்டுப் போட்டாலும், அது எடுத்துப் போட்டிருக்க வேண்டிய குழாய்தான்.

இதை ரவுண்டில் கேட்க வேண்டியது யார்? டாக்டர் என்று பலர் சொல்வார்கள். செவிலியர் என்கிறேன் நான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த வேலை 2006இல் வெளியானது. புதிய மருந்து எதுவும் இல்லை. கை கழுவுவது, போடும்போது முழு விரிப்பும் அங்கியும், தோலுக்குக் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின், தொடையைத் தவிர்ப்பது, தேவையில்லாததை எடுப்பது என்று ஐந்து காரியங்கள். 1000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்குக் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 என்றிருந்த தொற்று, 18 மாதத்தில் 1.4 ஆக இறங்கியது. அந்த ஐந்தையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று: அவசரமில்லாத நேரத்தில் டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால், நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். அந்த அதிகாரத்துக்குப் பின்னால் நிர்வாகம் நின்றது.

உங்கள் மருத்துவமனையில் அந்த அதிகாரம் எழுத்தில் இருக்காது என்று தெரியும். 24 வயதில், ஹிந்தியும் மராத்தியும் இன்னும் நாவில் படியாத நிலையில், மூத்த டாக்டரிடம் ‘எடுங்கள்’ என்று சொல்வது எளிதல்ல. ஆகவே ‘எடுங்கள்’ என்று சொல்ல வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், ஏழாம் படுக்கைக்கு லைன் போட்டு இன்று ஆறாம் நாள். நார்அட்ரினலின் நின்று ஒரு நாள் ஆகிறது. எதற்காக வைத்திருக்கிறோம் என்று குறிப்பில் எழுத வேண்டும், என்ன எழுதட்டும்?” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுத ஒரு காரணம் தேடும்போதுதான், காரணம் இல்லை என்பது பலருக்குத் தெரிகிறது. எனக்குக் கீழே பயின்ற பெண்களுக்கெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். குழாய் எத்தனையாவது நாள் என்பதைப் படுக்கையின் தலைமாட்டில் ஒரு பட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள், தினமும் எண்ணை மாற்றுங்கள். சில பிரிவுகளில் இதற்கு நேர்மாறாக, ‘ஏழு நாள் ஆனால் மாற்றிவிடு’ என்று தேதி பார்த்துப் புதிய குழாய் போடுவார்கள். அதுவும் வேண்டாம். தேவை இருந்து, தொற்றின் அறிகுறியும் இல்லையென்றால், நாள் கணக்குக்காக மட்டும் மாற்றுவதால் பயனில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்த வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கையைப் பற்றிப் பேசலாம். கையில் குற்றம் இல்லை என்றால் கையில் வேலையும் இல்லை என்று ஆகாது.

ஹப்பைத் திறக்கும் முன் கைகளை ஆல்கஹால் திரவத்தால் 20 முதல் 30 நொடி தேய்க்கிறோம். கையுறை அதற்கு மாற்று அல்ல. பிறகு ஹப்பின் வாயையும் அதன் மரைச் சுற்றையும் ஆல்கஹால் பஞ்சால், அல்லது ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால், அழுத்தித் தேய்க்க வேண்டும். 5 முதல் 15 நொடி என்று நெறிமுறைகள் சொல்லும். நான் 15 என்றே சொல்லிக் கொடுக்கிறேன், ஏனென்றால் 5 என்று சொன்னால் நடைமுறையில் அது ஒரு துடைப்பாகத் தேய்ந்துவிடும். ஒன்று முதல் பதினைந்து வரை மனதுக்குள் எண்ணுங்கள், ஊரில் கண்ணாமூச்சி விளையாடும்போது எண்ணியதைப் போல் வேகமாக அல்ல. அதன் பிறகு அது காய வேண்டும். ஊதிக் காயவைக்கக் கூடாது, கையால் விசிறவும் கூடாது. ஆல்கஹால் காயும்போதுதான் தன் வேலையை முடிக்கிறது.

நம் ஊர்ப் பிரிவுகளில் மட்டும் அதிகமாகக் கண்ணில் படும் சில பழக்கங்கள் உண்டு. வெளிநாட்டு நெறிமுறைகளில் இவற்றுக்கு அதிக இடம் இருக்காது. முதலாவது த்ரீவே, அதாவது குழாயோடு மாட்டும் மூன்று வழித் திருகு. மருந்து போட மூடியைக் கழற்றுகிறோம், அதை மெத்தையின் ஓரத்திலோ ட்ரேயிலோ வைக்கிறோம், பிறகு அதையே எடுத்து மாட்டுகிறோம். கழற்றிய மூடி குப்பைக்கு, மாட்டுவது புதிய மூடி. ரத்தம் எடுத்த பின் த்ரீவேயின் மூலையில் சிவப்பாக ஒரு துளி தங்கியிருந்தால் அது கிருமிக்குப் போட்ட சோறு, முழுவதும் தெளியும்வரை ஃபிளஷ் செய்யுங்கள். கழற்ற வேண்டிய தேவையே இல்லாத, ஊசியின்றி மாட்டும் இணைப்புகள் கிடைத்தால் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, 100 மில்லி சலைன் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி நட்டுவைத்து, பகல் முழுவதும் எல்லாப் படுக்கைகளுக்கும் அதிலிருந்தே ஃபிளஷ் இழுப்பது. இதை நான் எந்தப் பிரிவில் பார்த்தாலும் அந்த நொடியே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அந்தப் பாட்டிலில் ஒரு முறை கிருமி விழுந்தால் ஒரு நோயாளியோடு அது நிற்காது. ஒரு முறை உபயோகிக்கும் 10 மில்லி ஆம்பூல், அல்லது நிரப்பியே வரும் சிரிஞ்சு, ஒருவருக்கு ஒன்று. செலவு கூடும் என்று நிர்வாகம் சொன்னால், உங்கள் நோயாளிக்குக் கூடுதலாக எத்தனை நாள் ஆன்டிபயாடிக் ஓடியது என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சொட்டு இறங்கவில்லை என்று பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பக்கத்தில் ஊசியால் துளை போடுவது. அந்தத் துளை வழியாக வார்டின் காற்று நேரே மருந்துக்குள் போகிறது. தானாகவே சுருங்கும் பையைப் பயன்படுத்துங்கள், அல்லது வடிகட்டியுள்ள காற்றுத் துளை கொண்ட செட்டை.

இனி, குழாய் நுழையும் துளையின் மேல் போடும் கட்டைப் பற்றி. ஒளி ஊடுருவும் கட்டு என்றால் ஏழு நாளுக்கு ஒரு முறை, பஞ்சுத் துணிக் கட்டு என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை என்பது கணக்கு. ஆனால் ஓரம் தூக்கினால், நனைந்தால், ரத்தமோ மலமோ பட்டால், கணக்கு அந்த நிமிடமே முடிந்துவிடுகிறது. மும்பையின் மழைக்காலத்தில், ஏசி பழுதான ஒரு பிற்பகல் போதும், கழுத்துக் கட்டு வியர்வையில் உரிந்துவிடும். தாடி உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். முடியைச் சவரம் செய்யக் கூடாது, கிளிப்பரால் வெட்ட வேண்டும், சவரம் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும். கட்டை மாற்றும்போது குளோர்ஹெக்சிடினால் முன்னும் பின்னுமாக 30 நொடி தேய்த்து, முழுவதும் காய்ந்த பிறகே புதியதை ஒட்டுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் தோல் வெந்துவிடும், கட்டும் நிற்காது. துளையைச் சுற்றி ஆன்டிபயாடிக் களிம்பு தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், டயாலிசிஸ் குழாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குளோர்ஹெக்சிடின் தோய்ந்த கட்டுகள் பெரியவர்களுக்கு இப்போது பரிந்துரைக்கப்படுகின்றன, கிடைத்தால் பயன்படுத்துங்கள்.

தீவிர சிகிச்சை நோயாளிகளைத் தினமும் குளோர்ஹெக்சிடினால் துடைப்பதும் தொற்றைக் குறைக்கிறது. முகத்தை விட்டுவிட்டுத் தாடைக்குக் கீழே துடைக்க வேண்டும், பிறகு தண்ணீரால் கழுவக் கூடாது. பல இடங்களில் உடம்பு துடைப்பது மாவ்ஷிகள்தான். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை, விளக்காமலேயே திட்டுகிறோம். டயபர் மாற்றிய கையோடு தலையணையைச் சரிசெய்து, குழாயை ஒதுக்கிவிடும் அந்தக் கை அக்கறையான கை. ஏன் கூடாது என்று பக்கத்தில் நின்று ஒரு முறை சொல்லுங்கள். என் அனுபவத்தில் அதற்குப் பிறகு நம்மைவிட அவர்கள்தான் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

செட் மாற்றுவது சுலபம்: சாதாரண திரவங்களுக்கு 96 மணி நேரத்துக்கு முன் மாற்ற வேண்டாம், ஏழு நாளைத் தாண்டவும் வேண்டாம். ரத்தமோ கொழுப்புக் கலவையோ போனால் 24 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள். மயக்க மருந்தான ப்ரோபோஃபால் போகும் செட் அதைவிடச் சீக்கிரம், 6 அல்லது 12 மணி நேரத்தில், தயாரிப்பாளர் சொல்கிறபடி.

தொற்று மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் சிறிய சிரிஞ்சால் தள்ளாதீர்கள். சிரிஞ்சு சிறியதாக ஆக அழுத்தம் கூடும், குழாய் வெடிக்கலாம், உறைந்த ரத்தக் கட்டி உள்ளே போகலாம். 10 மில்லி சிரிஞ்சு, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மீண்டும் கொஞ்சம் தள்ளி. தடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நார்அட்ரினலின் ஓடும் வாயை ஒருபோதும் ஃபிளஷ் செய்யாதீர்கள், குழாய்க்குள் நிற்கும் மருந்து ஒரே நொடியில் உள்ளே பாய்ந்துவிடும்.

குழாய் வழியில் காற்று உள்ளே போகும் ஆபத்தைப் பற்றிச் சொல்ல என் வாழ்க்கையிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. 1999இல், உங்களைவிட ஒரு வயதுதான் கூட எனக்கு. கழுத்துக் குழாய் போட்ட ஒரு பெரியவர் நன்றாகத் தேறி, நாற்காலியில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழாயை எடுத்துவிடு என்று உத்தரவு. அவரைப் படுக்கவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சாப்பாட்டைக் கலைக்க வேண்டாம் என்று உட்கார்ந்த நிலையிலேயே இழுத்தேன். அவர் மூச்சை இழுத்தார். சின்னதாக ஒரு சீறல் சத்தம். அடுத்த நிமிடம் உதடு நீலம், கண் மேலே. என் மூத்த செவிலியர் ஓடிவந்து, துளையை அழுத்திப் பிடித்து, அவரை இடப்பக்கமாகத் திருப்பித் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுத்தார். பெரியவர் பிழைத்தார். உட்கார்ந்திருக்கும்போது கழுத்துச் சிரை இதயத்துக்கு மேலே இருக்கிறது, மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது, திறந்த துளை காற்றை உறிஞ்சுகிறது. அதனால்தான் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, அல்லது மூச்சை வெளியே விடும்போது, இழுக்க வேண்டும். இழுத்ததும் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போட்டு, அரை மணி நேரம் படுக்கையிலேயே வைத்திருங்கள். அந்தக் கட்டு ஒரு நாள் இருக்கட்டும். அன்று நான் இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதேன். அந்த மூத்த செவிலியர், “நாளைக்கு மூன்றாம் படுக்கைக்குக் குழாய் எடுக்க வேண்டும். நீதான் எடுக்கிறாய், நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்றார்.

அதனால் உங்கள் மாற்றல் கேள்விக்கு என் பதில்: கேட்காதீர்கள். நடுக்கம் வந்ததும் டாக்டரை அழைத்தீர்கள். ஃபிளஷ் செய்த பின் வரும் நடுக்கம் குழாயைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி, அதை நீங்கள் தள்ளிப்போடவில்லை. அடுத்த முறை இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) எடுத்து, எது எங்கிருந்து என்று குறித்து அனுப்ப நினைவூட்டுங்கள். குழாயின் ரத்தம் இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால், குழாய்தான் மூலம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். குழாய் எங்கே, எந்த நிலையில் போடப்பட்டது, 48 மணி நேரத்தில் ஏன் மாற்றவில்லை, ஐந்தாம் நாளுக்குப் பின் எதற்காக இருந்தது, அந்த நாட்களில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்று நான்கு வரி எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது நெறி. ஒருவர் மூன்று படுக்கைக்கு ஓடும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பதினைந்து நொடிதான், நெறிமுறைகளும் ஆள் பற்றாக்குறையைத் தொற்றோடு சேர்த்தே பேசுகின்றன. தனியாகப் பேசத் தயங்கினால் உங்கள் பிரிவின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் முதலில் காட்டுங்கள், அவருடைய வேலையே அதுதான்.

நோயாளியின் மனைவியை, அந்த அம்மாவை, வார்டில் போய்ப் பாருங்கள். என்ன நடந்தது என்று முறையாக விளக்க வேண்டியது சிகிச்சை அளித்த டாக்டரின் கடமை. விளக்கவில்லையென்றால் அந்த டாக்டரிடம் நீங்கள் கேளுங்கள், தமிழில் எடுத்துச் சொல்ல உடன் நில்லுங்கள். ஒளிக்கும்படி யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிறகு, தொடையில் குழாய் இருந்த கால் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வீட்டுக்குப் போன பிறகு மீண்டும் நடுக்கம் வந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லுங்கள். குழாய் இருந்த சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் அது இப்படித்தான் தெரியவரும். அதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல அந்த வார்டில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம்.